பருந்துக்கு அடுத்தது

எலும்பக்கா பேருந்தில் ஏறினால் அவளுக்கு இரண்டு இருக்கை நிச்சயம். ஒன்று உட்கார, ஒன்று பை வைக்க. கூட்டம் பிதுங்கி வழிகிற நேரத்திலும் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். புதிதாக ஏறியவர் யாராவது அப்பாடா என்று வந்து உட்காருவார். மூக்கைச் சுளிப்பார். பிறகு இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டவர் மாதிரி எழுந்து கதவோரம் போய் நின்றுகொள்வார். "உக்காருங்க, கடிச்சுட மாட்டேன்" என்று அவர் முதுகுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, அக்கா பையை இன்னும் வசதியாக நகர்த்தி வைத்துக்கொள்வாள்.

அவள் அப்பாவுக்கு இறைச்சிக் கடை. கத்தி பிடிக்கக் கற்ற பிறகுதான் பேனா பிடிக்கக் கற்றாள். நகரத்து அருங்காட்சியகத்தில் செத்த விலங்குகளைத் தோலுரிக்க ஆள் தேடியபோது, வந்தவர்கள் பலரும் மேசையில் கிடந்த நரியைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினார்கள். இவள் நரியை உரித்து முடித்து, கையைக் கழுவிவிட்டு, "காபி கிடைக்குமா?" என்று கேட்டாள். வேலை கிடைத்தது. காபியும் கிடைத்தது. எலும்பக்கா என்ற பெயர் அந்த வாரமே ஒட்டிக்கொண்டது. பெற்றோர் வைத்த பெயரைச் சம்பளத் தாளில் பார்த்தால்தான் உண்டு.

அவள் அறை கட்டடத்தின் பின்புறம், தண்ணீர் மோட்டார் அறையையும் தாண்டி இருந்தது. வாடை அடிக்கும் என்று அங்கே ஒதுக்கியிருந்தார்கள். அறை நடுவில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள் வண்டுகள்.

வண்டு என்று பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, கறுப்பு, வழியில் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உண்மையான சாப்பாட்டு ராமன்கள் அவற்றின் புழுக்கள்தாம். தோலுரித்து, குடலெடுத்து, காயவைத்த உடலைத் தொட்டிக்குள் வைத்துவிட்டால் போதும். காது ஓட்டை, கண்குழி, முதுகெலும்பின் இடுக்கு என்று எந்தக் கத்தியும் நுழையாத இடத்திலெல்லாம் நுழைந்து, சதையைத் தின்றுவிட்டு எலும்பை விட்டுவிடும். வேகவைத்தால் சின்ன எலும்புகள் கழன்று ஒன்றோடொன்று கலந்துபோகும். இவை தின்றால் தவளையின் விரல் எலும்புகூட இருந்த இடத்தில் இருக்கும். தொட்டியின் அடியில் சேரும் தூளை அக்கா அள்ளிக்கொண்டு போய் அருங்காட்சியக வாசல் பூச்செடிகளுக்குப் போடுவாள். அந்தப் பூக்களைப் பார்த்து வாய்பிளக்காத ஆள் இல்லை. உரம் என்ன என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஒரே தொல்லை, தொட்டியில் எப்போதும் சாப்பாடு இருக்க வேண்டும். தீர்ந்துபோனால் ஒன்றையொன்று தின்னத் தொடங்கிவிடும். அதனால் அவள் நீண்ட விடுப்பு எடுத்ததே கிடையாது. சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே காலையில் போய் மாலையில் திரும்பியவள் அவள். "பசிச்சா கூடப்பொறந்தவனையே தின்னுடும். நம்மாளுங்களும் அதத்தான் பண்றாங்க. ஆனா இதுங்க கோர்ட்டுக்கு அலையிறதில்ல" என்பாள்.

வீட்டு நிலவரம் தனிக்கதை. கணவர் தையல்காரர். சும்மா சட்டை தைப்பவர் இல்லை, கோட்டு தைப்பவர். வீட்டின் முன்னறைதான் கடை. சுவர் முழுக்கக் கம்பளித் துணி. அந்த வண்டுக்கு இறைச்சி கிடைக்காவிட்டால் அடுத்துத் தேடுவது கம்பளியைத்தான். பட்டு, தோல், இறகு எதையும் விட்டுவைக்காது. ஊரில் இத்தனை பேர் இருக்க, வண்டு வளர்ப்பவளும் கோட்டு தைப்பவரும் ஒருவரையொருவர் விரும்பிக் கட்டிக்கொண்டதை என்னவென்று சொல்வது! கல்யாணத்துக்கு முன் அவர் கேட்டது ஒரே வாக்குத்தான். தொட்டி சம்பந்தப்பட்ட ஒரு தூசுகூட வீட்டுப்படி ஏறக் கூடாது. அவளும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். வேலையிடத்திலேயே குளித்து, உடை மாற்றி, வீட்டு வாசலில் நின்று பையைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் உள்ளே வருவாள். சிறைக் கைதிகூட இத்தனை சோதனைக்கு உட்பட்டிருக்கமாட்டான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அருங்காட்சியகத்தில் புதுக்கூடம் கட்டினார்கள். வட்டமான கூடம். 'உயிருக்கு உயிரே உணவு' என்று வாசலுக்கு மேல் எழுதியிருந்தார்கள். வாசலின் ஒரு பக்கத்தில் புல்லில் தொடங்கும். புல்லிலிருந்து சுவரில் ஓர் அம்பு வெட்டுக்கிளிக்கு. அங்கிருந்து ஓர் அம்பு தவளைக்கு, பிறகு பாம்புக்கு, பாம்பிலிருந்து பருந்துக்கு. கூடத்தைச் சுற்றி வந்து வாசலின் மறுபக்கத்தில், உயரமான தூணின் மேல் பருந்து இறக்கை விரித்து நிற்கும். தவளையும் பாம்பும் பருந்தும் வெறும் எலும்பு. எல்லாமே எலும்பக்காவின் தொட்டியிலிருந்து வந்தவை. சந்தைக்குப் பின்னால் மின்கம்பியில் அடிபட்டு விழுந்த பருந்தைக் காய்கறிப் பையில் போட்டுத் தூக்கி வந்தவளே அவள்தான்.

பருந்துக்குப் பிறகு அம்பு இல்லை. அங்கிருந்து புல் வரைக்கும் வெறும் இடைவெளி.

பருந்தில்தான் தப்பும் நடந்தது. தொட்டியிலிருந்து எடுத்த எலும்பை உறைபெட்டியில் வைத்துக் குளிரூட்டிய பிறகே வெளியே கொண்டுபோக வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் புழு செத்துவிடும். அன்றைக்கு உறைபெட்டியைத் திறந்தால், திறப்புவிழாக் குழுவினர் குடிப்பதற்கு ஜூஸ் பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கூடத்திலிருந்து பருந்து எங்கே, பருந்து எங்கே என்று ஆள்மேல் ஆள் வந்துகொண்டிருந்தது. சரி, கண்ணால் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மண்டையோட்டுக்குள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இரண்டு நாள் கழித்து, இயக்குநர் புதுக் கம்பளத்தின் மேல் நின்றபோது அவர் காலடியில் ஊர்ந்து வந்தான்.

இயக்குநர் கெட்டவர் இல்லை. எலும்புகளைப் பற்றியே படித்து மேலே வந்தவர். அந்த வண்டைப் பற்றி அவளைவிட அதிகம் தெரிந்தவர். ஆனால் திறப்புவிழா நெருங்க நெருங்க அவர் ஆளே மாறிப்போயிருந்தார். அவளைக் கூப்பிட்டனுப்பினார். தாளில் மடித்து வைத்திருந்த புழுவைக் காட்டினார்.

"யாரோடது இது?"

"நம்மளோடதுதான் சார். தப்பு என்னோடது. அந்த ஜூஸையெல்லாம் வெளிய எடுத்துப் போட்டுட்டுப் பருந்த வச்சிருக்கணும். வைக்கல."

"மேல மாடியில எத்தனை பறவைத் தோல் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். ஒரு புழு போதும், மொத்தமும் பாழ்."

"தெரியும் சார். அதான் ஒத்துக்கறேன். தோல் அறை முழுக்க நானே தேடிப் பாக்கறேன். இன்னொரு உறைபெட்டி வாங்கி, அதுக்குப் பூட்டுப் போட்டுக் குடுங்க. மறுபடி இப்படி நடந்தா என்னைய அனுப்பிடுங்க."

இயக்குநர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "முடிவு பண்ணியாச்சும்மா. வெள்ளிக்கிழமை மருந்தடிக்கிறவர் வர்றார். தொட்டி வேண்டாம். இனிமே பிளாஸ்டிக் எலும்பு வாங்கிக்கலாம்."

அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, ஒரு நாள்கூடப் பட்டினி போடாமல், தலைமுறை தலைமுறையாக வளர்த்த கூட்டம் அது. ஆனாலும் அவள் கெஞ்சவில்லை. கெஞ்சுவது அவள் வாய்க்கு வராது.

"சார், ஒண்ணு கேக்கறேன். புல்ல வெட்டுக்கிளி தின்னுது, வெட்டுக்கிளியத் தவளை தின்னுது, எல்லாம் சரி. பருந்த யாரு தின்னா?"

"எனக்குத் தெரியாதா என்ன?"

"தெரியும்ல? அப்புறம் ஏன் அம்பு அங்க நின்னுபோச்சு?"

"விருந்தாளிங்க கூடத்தப் பாத்துட்டு நேரா சாப்பிடப் போறாங்கம்மா. பருந்தோட முடிஞ்சா நிமிர்ந்து பாப்பாங்க, நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போவாங்க. புழுவக் காட்டினா வாயப் பொத்திக்கிட்டு ஓடுவாங்க."

"அப்போ சுவத்துல எழுதியிருக்கறது பொய்."

"பொய் இல்ல. பாதி."

"மீதிப் பாதிக்குத்தான் மருந்தடிக்கச் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு, போகச் சொல்வதற்கு முன்பே எழுந்து போய்விட்டாள்.

அன்று மாலை, அவளுடைய கைப்பையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியில் ஊசி ஊசியாகத் துளைகள். உள்ளே ஒரு துண்டு காய்ந்த இறைச்சி, அதில் மொய்த்திருந்த வண்டும் புழுவும். டப்பா கொள்கிற அளவுதான் எடுக்க முடிந்தது. பேருந்தில் வழக்கம்போல் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்காகச் சந்தோஷப்பட்டாள்.

வீட்டு வாசலில் கணவர் சோதனைக்குத் தயாராக நின்றார். அவள் பையைக் கவிழ்க்கவில்லை.

"இன்னைக்கு உள்ள ஒண்ணு இருக்கு. கத்தாதீங்க."

கத்தினார். தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கடையில் கல்யாண மாப்பிள்ளைக்குப் பாதி தைத்த கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அசல் கம்பளி. "இதுக்கு என் கழுத்தையே அறுத்துடலாமே! நீதான் கத்தியில கெட்டிக்காரியாச்சே!" என்றார். அவள் குளியலறையில் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, நடுவில் செங்கல்லை நிறுத்தி, அதன் மேல் டப்பாவை வைத்தாள். அவர் அன்றிரவு பக்கத்து வீட்டில் போய்க் குளித்தார். அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மருந்தடிப்பவர் வந்தார். அக்கா அறைக்கு வெளியே போகாமல் வாசற்படியிலேயே நின்றாள். "தள்ளி நில்லுங்கம்மா, உடம்புக்கு ஆகாது" என்று அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். அவள் தள்ளி நின்றாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தொட்டியில் எப்போதும் காதைக் கொடுத்துக் கேட்டால் ஒரு சத்தம் இருக்கும், காய்ந்த சருகைக் கையில் நொறுக்குகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் அது நின்றுபோனது. அவள் அழுதாள். அழுததை மறைக்கவும் இல்லை. வண்டுக்காக அழுகிறவளைப் பார்த்து அந்த மனிதர் ஆடிப்போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் டப்பாவும் நன்றாக இல்லை. இறைச்சித் துண்டு தீர்ந்துகொண்டிருந்தது. பருந்தும் பாம்பும் இனி வராது. அவள் வீட்டுக் குழம்பிலிருந்து ஒரு துண்டைக் கழுவிக் காயவைத்துப் போட்டுப் பார்த்தாள். உப்பு ஏறியதை அவை சீண்டவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கணவர் கடையிலிருந்து மெதுவாக வந்தார். கையில் பெரிய கத்தரிக்கோல். அதன் நுனியில், நசுங்காமல், கால்களை உதைத்துக்கொண்டு ஒரு வண்டு.

"கோட்டுக் காலர் மேல இருந்துச்சு" என்றார். பேச்சை நிறுத்திய பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை.

அக்காவுக்குக் கை நின்றுவிட்டது. சுவரில் ஓர் அந்துப்பூச்சி உட்கார்ந்தாலே செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மனிதர் அவர்.

"ஏங்க நசுக்கல?"

"நசுக்கத்தான் போனேன்." அவர் வண்டை முறைத்தார். "மூடியத் தெறந்தப்போ பறந்து வந்துருக்கு. பசிச்சுத்தான வந்துருக்கு. நீ அழுதுட்டு வந்த அன்னைக்கு உன் மூஞ்சியப் பாத்தேன். இதையும் நசுக்கிட்டு உன்கூட எப்படி உக்காந்து சாப்பிடுறது?" பிறகு குரலை உயர்த்திக்கொண்டார், அதுதான் அவருக்கு வசதி. "வயிறு நெறஞ்சிருந்தா அதுபாட்டுக்குக் கெடக்கும்ல? பட்டினி போட்டா என் கோட்டத் தேடி வராம வேற எங்க போகும்? அறிவு வேணாம்? என்ன திங்கும்னு சொல்லு, வாங்கிட்டு வர்றேன்."

அன்றைக்கே கோழிக்கழுத்து வாங்கி வந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வாங்கி வந்தார், ஆனால் வாங்கி வந்தார். அதோடும் நிற்கவில்லை. கடைவாசலில் பட்டுக் கழுத்துப்பட்டிகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைக் காலி செய்தார். சல்லடைக் கம்பிவலையை அளந்து வெட்டி, ஓரத்தில் கெட்டித்துணி கொடுத்து, இரட்டைத் தையல் போட்டு மூடி செய்தார். "இதுலேர்ந்து ஒருத்தன் வெளிய வந்தான்னா நான் தையலையே விட்டுடறேன்" என்றார். வண்டுக்கு வெளிச்சம் ஆகாது என்று அவள் சொன்னதும், பெட்டியைச் சுற்றிக் கறுப்புப் பருத்தித்துணியில் திரையும் தைத்தார். தூக்கினால் பார்க்கலாம், விட்டால் மூடிக்கொள்ளும்.

அந்தத் திரையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு விட்டபோதுதான், அக்காவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது.

அருங்காட்சியகக் கடிகாரத்தின் கீழே ஒரு புறா செத்துக் கிடந்தது. அதை உரித்துக் காயவைத்துப் பெட்டியில் வைத்தாள். கோழிக்கழுத்து தின்று தேறியிருந்த கூட்டம் அதன் மேல் பாய்ந்தது. திறப்புவிழா அன்று காலை, கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனாள். காவலர் கதவைத் திறந்துவிட்டார்.

"என்னக்கா பெட்டி?"

"வரிசையில கடைசி ஆளு. வர லேட்டாயிருச்சு."

பருந்துக்கும் புல்லுக்கும் நடுவில் இருந்த வெற்று இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டுப் பெட்டியை வைத்தாள். கணவரின் தையல் சுண்ணக்கட்டியை எடுத்தாள். பருந்திலிருந்து பெட்டிக்குச் சுவரில் ஓர் அம்பு போட்டாள். பெட்டியிலிருந்து புல்லுக்கு இன்னோர் அம்பு. தள்ளி நின்று பார்த்தாள். வட்டம் மூடியிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டாள்.

சிறப்பு விருந்தினர் வந்தார். வாசல் பூக்களால் கட்டிய பூச்செண்டு அவர் கையில் இருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் ஆஹா என்றார். இயக்குநர் அவரை வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று அழைத்து வந்தார். பருந்தின் கீழே எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நல்லாருக்கு என்றும் சொன்னார்கள். பிறகு விருந்தினர் சுண்ணக்கோட்டைப் பார்த்தார், அது போன வழியைப் பார்த்தார், கறுப்புத் திரையைப் பார்த்தார். யாரும் தடுப்பதற்குள் தூக்கிவிட்டார்.

கூட்டத்தில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். அதை இயக்குநர் சரியாகவே கணித்திருந்தார். ஆனால் ஓடியவர் ஒருவர்தான். மற்றவர்கள் பின்வாங்கினார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கழுத்தை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. காவலரிடம் குனிந்து, "எடு இத" என்றார்.

காவலர் பெட்டியைப் பார்த்தார். "என்னால முடியாது சார். மன்னிச்சிருங்க. இது என் வேலை இல்ல."

இயக்குநர் விழாவுக்கு வந்திருந்த உதவியாளர்களைப் பார்த்தார். அவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கூரையில் ஏதோ வேலை வந்துவிட்டது. கடைசியில் அவர் எலும்பக்காவைப் பார்க்க வேண்டியதாயிற்று.

"எடுத்துட்டுப் போங்க."

"மாட்டேன் சார்."

அவள் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. "வேலைய விட்டு அனுப்பினாலும் பரவாயில்ல. இங்க இருக்கற ஒவ்வொரு எலும்பையும் சுத்தம் பண்ணித் தந்தது இதுங்கதான். விருந்தாளி கையில இருக்கற பூவுக்கும் இதுங்கதான் சோறு போட்டுச்சு. நான் வச்சேன், நான் எடுக்க மாட்டேன். எடுக்கணும்னா நீங்களே எடுங்க."

விருந்தினர் பூச்செண்டை மூக்கிலிருந்து கொஞ்சம் இறக்கினார்.

இயக்குநர் எடுக்கத்தான் வந்தார். இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்தார். பிடித்தவர் உள்ளே பார்த்துவிட்டார். புறாவின் மண்டையோடு பாதி வெளுத்து வந்திருந்தது. அலகின் அடியில் நூல் மாதிரி மெல்லிய நாக்கெலும்பு, கையால் யாரும் முழுதாக எடுக்கமுடியாத எலும்பு, இருந்த இடத்திலேயே அசையாமல் இருந்தது. எலும்பைப் படித்த மனிதர், பாவம், என்ன செய்வார்? முழங்காலை மடித்துக் கம்பளத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் விருந்தினர் நிற்பதையே மறந்துபோனார்.

கொஞ்சம் பொறுத்து எழுந்து, கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நாளைக்கு எடுத்துடணும்" என்றார்.

"சரி சார்" என்றாள் அக்கா.

அந்த நாளை இன்னும் வரவில்லை. பின்னறையில் தொட்டி மறுபடி நிறைந்துவிட்டது. உறைபெட்டிக்குப் பூட்டு வந்துவிட்டது, சாவி அக்காவின் இடுப்பில். கணவர் வாசல் சோதனையை மட்டும் விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை கோழிக்கழுத்துப் பொட்டலத்தை அவரே அவள் பையில் வைத்து அனுப்புகிறார்.

மத்தியான நேரத்தில் அக்கா கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் திரையைத் தூக்கிப் பார்ப்பார்கள். முகத்தைச் சுளிப்பார்கள். மறுபடி தூக்கிப் பார்ப்பார்கள். சிலர் நிமிர்ந்து பருந்தைக் காட்டி, "அது போச்சு, சரி. இதுங்களுக்கு அடுத்த சாப்பாடு யாரு?" என்று கேட்பதுண்டு.

"நீங்கதான். நானுந்தான்" என்பாள் எலும்பக்கா. "அவசரமில்ல. வரிசையில வாங்க."